சனிக்கிழமை ராத்திரிக்கு எந்தக் காதல் படம்?

சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். வீட்டில் மாமியார், கணவர், உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள். நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஒரு நல்ல காதல் படம் வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடுகிறதாம். கடைசியில் ஆளுக்கொரு கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையில் ஒதுங்கிவிடுகிறார்கள்.

பிடிஓ வீட்டுக்கு, அதாவது விண்ணப்பித்த பிறகு கட்டித் தரும் அரசு அடுக்குமாடி வீட்டுக்கு, விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு ஜோடியும் இதே கேள்வியைக் கேட்டது. அப்புறம், வேலைக்காக ஊரிலிருந்து வந்து தேக்கா பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு தம்பி. அவர் விரும்பிய பெண்ணுக்குப் போன மாதம் ஊரில் கல்யாணம் ஆகிவிட்டது. "பாத்தா மனசு கொஞ்சம் லேசாகணும், அப்படி ஒரு படம் சொல்லுங்க" என்றார்.

கேள்வி ஒன்றுதான் என்றாலும் மூன்று பேருக்கும் ஒரே படத்தைச் சொல்ல முடியாது. செங்காங்கில் எங்கள் நாலறை வீட்டில் ஆறேழு வருடமாக மாதம் ஒரு சனிக்கிழமை உறவுக்காரர்களும் நண்பர்களும் கூடிப் படம் பார்க்கிறோம். எழுபது தாண்டிய அம்மாவும் இருப்பார், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்த அனுபவத்தில் எனக்குப் பிடிபட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: படங்களின் முடிவுகளைப் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியாது. பார்க்காத படத்தின் பெயர் வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

எது காதல் படம்?

தமிழில் காதல் இல்லாத படம் அபூர்வம். போலீஸ் கதையிலும் இரண்டு டூயட் இருக்கும். அதனால் நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கதையிலிருந்து காதலை உருவி எடுத்துவிட்டால் படம் நிற்குமா? நின்றால் அது வேறு வகைப் படம், காதல் அதில் ஊறுகாய். விழுந்துவிட்டால் அதுதான் காதல் படம்.

அதற்குள்ளே உட்பிரிவுகள் நிறைய. காதல் நகைச்சுவை, சோகக் காதல், சரித்திரக் காதல், மாயக் காதல் என்று உலகம் முழுக்கப் பிரிக்கிறார்கள். நம்மிடம் அதைவிடப் பழைய பகுப்பு ஒன்று இருக்கிறது. சங்கப் பாடல்களின் ஐந்திணையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிப்பொருள், அதாவது அதற்கே உரிய உணர்ச்சி, உண்டு. குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்குக் காத்திருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிவு. ஒருதலைக் காதலுக்குக் கைக்கிளை, பொருந்தாக் காதலுக்குப் பெருந்திணை. தொல்காப்பியம் எல்லாவற்றையும் சேர்த்து ஏழு என்று எண்ணுகிறது. யாருடைய கதை என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, எந்த உணர்ச்சி கேட்பவர் மனத்தில் தங்குகிறது என்பதை வைத்துப் பிரித்தவர்கள் நம் ஆட்கள். படம் தேர்ந்தெடுக்கவும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கதைச் சுருக்கத்தைப் படித்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவோம். படம் முடிந்து விளக்கைப் போடும்போது கூடத்தில் என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்தால் சரியாக அமையும்.

முதலில் பார்க்க வேண்டியவை

யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது முதல் விஷயம். சிங்கப்பூர் வகைப்பாட்டில் ஜி, பிஜி, பிஜி13 மூன்றுக்கும் வயதுத் தடை இல்லை. பிஜி13 என்பது பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். என்சி16, எம்18, ஆர்21 மூன்றும் வயதை வைத்துக் கட்டுப்படுத்தப்பட்டவை. இந்தியாவின் சான்றிதழ் முறை வேறு. அங்கே குடும்பத்தோடு ஓடிய படம் இங்கேயும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். படத்தை ஓட்டுவதற்கு முன் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, முடிவு. சேர்கிறார்களா, பிரிகிறார்களா, சாகிறார்களா? 2010இல் கௌதம் மேனன் ஒரே கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே நேரத்தில் எடுத்தார். தமிழில் 'விண்ணைத்தாண்டி வருவாயா', அதில் பிரிகிறார்கள். தெலுங்கில் சேர்கிறார்கள். காட்சிக்குக் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் இரண்டும் ஒரே வகைப் படம் என்று யாராவது சொல்வார்களா? கடைசிப் பத்து நிமிடம் ஒரு படத்தைப் பாலையிலிருந்து குறிஞ்சிக்கு மாற்றிவிடுகிறது.

மூன்றாவது, மொழி. நம் பிள்ளைகளில் பலர் ஆங்கில வசன வரியைப் படித்துத்தான் தமிழ்ப் படம் பார்க்கிறார்கள். பழைய படங்களுக்குப் பெரும்பாலும் அந்த வரியே இருக்காது. புதிய படங்களிலும் பாட்டு வந்தால் வரி நின்றுவிடுவது உண்டு. காதல் படத்தில் பாதிக் கதை பாட்டில்தான் நடக்கிறது. பாட்டை இழந்த பிள்ளை படத்தையே இழந்துவிட்ட மாதிரிதான்.

நேரமும் ஒரு கணக்கு. தமிழ்ப் படங்கள் பலவும் இரண்டரை மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் விருந்தாளிகள் கடைசி எம்ஆர்டி ரயிலைப் பிடிக்க உச்சக்கட்டத்தில் எழுந்து ஓட வேண்டியிருக்கும்.

சிரிக்கவைக்கும் காதல்

கூட்டமாகப் பார்க்க இதுதான் பாதுகாப்பான வகை என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. இந்த வகையில் தடையாக நிற்பது விதியோ சாதியோ இல்லை, ஒரு பொய்யோ ஆள்மாறாட்டமோதான். அது வெளிப்பட்டதும் எல்லாம் சரியாகிவிடும். சேர்வார்கள் என்பது முதல் காட்சியிலேயே தெரியும், அதனால் யாருக்கும் பயம் இல்லை. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964இல் வந்தது. நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சிக்கு என் அம்மாவும் தொடக்கப்பள்ளி நான்கில் படிக்கும் மருமகனும் ஒரே நொடியில் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சிக்கு வசன வரி தேவைப்படவில்லை. பாலையாவின் முகம் போதும்.

ஆனால் எல்லா நகைச்சுவைக்கும் இது வாய்ப்பதில்லை. சொல்லை வைத்து விளையாடும் சிரிப்பு மொழிபெயர்ப்பில் செத்துப்போகும். பெரியவர்கள் சிரித்து முடித்த பிறகு பிள்ளைகள் "என்ன, என்ன?" என்று கேட்பார்கள். விளக்கிச் சொன்ன ஜோக் யாருக்குச் சிரிப்பு வரவைத்திருக்கிறது? இன்னொன்றும் உண்டு, காதல் படங்களிலேயே சீக்கிரம் கெட்டுப்போவது நகைச்சுவைதான். பதினைந்து வருடத்துக்கு முன் எல்லோரும் சிரித்த ஒரு காட்சியில் ஒருவரின் நிறத்தையோ உடம்பையோ கேலி செய்திருப்பார்கள். இன்றைக்குப் பதினாலு வயதுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது நமக்கே கூசும்.

புதிய படங்களில் 2022இல் வந்த 'லவ் டுடே' ஒரு நல்ல உதாரணம். பெண்ணின் அப்பா இருவரையும் ஒருநாள் கைப்பேசியை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார், அவ்வளவுதான் கதை. இளைஞர்களோடு பார்த்தால் அமர்க்களமாக இருக்கும். பாட்டியோடு என்றால் சில இடங்களில் தொலையியக்கி தேட வேண்டியிருக்கும். அதோடு, படம் முடிந்ததும் கூடத்தில் இருக்கும் ஜோடிகள் ஒருவரையொருவர் ஒரு மாதிரி பார்த்துக்கொள்வார்கள். உங்கள் வீட்டுக்கு அது சரிப்படுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒருதலைக் காதல்

எண்பதுகளில் கல்லூரியில் படித்தவர்களுக்கு இது உயிர். 1980இல் வந்த 'ஒருதலை ராகம்', 1991இல் வந்த 'இதயம்' இரண்டும் சொல்லாத காதலைப் பற்றியவை. 'இதயம்' படத்தில் முரளி கடைசிவரை சொல்லமாட்டார். அவள் சொல்ல வரும்போது அதைத் தாங்கும் நிலையில் அவருடைய இதயம் இருக்காது. என் அண்ணன் வயதுக்காரர்கள் இன்றைக்கும் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். இந்தச் 'சொல்லாமை' வகையில் ஒரு கண்ணியம் இருக்கிறது. தயங்காமல் பாருங்கள். அகத்தியனின் 'காதல் கோட்டை' (1996) இதற்குப் பக்கத்து வீடு மாதிரி. முகம் பார்க்காமல் கடிதத்தில் வளரும் காதல். அகத்தியனுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது வாங்கித் தந்த படம்.

கைக்கிளைக்கு இன்னொரு முகமும் உண்டு. வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே போய், பேருந்து நிலையத்தில் நின்று, வீட்டு வாசலில் நின்று, கடைசியில் அவளைச் சம்மதிக்க வைப்பது. ஒருமுறை அப்படி ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தபோது என் தங்கை மகள் கேட்டாள்: "அவதான் வேணாம்னு சொல்லிட்டாளே, ஏன் இன்னும் பின்னாடியே போறான்?" கூடத்தில் இருந்த ஆண்கள் யாரும் பதில் சொல்லவில்லை. இந்த ஊரில் 2014இல் வந்த தொல்லையிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒருவரை இப்படித் தொடர்ந்து துரத்துவது குற்றம். அந்தப் பிள்ளை வளரும் ஊரின் நியாயம் அது. நாம் வளர்ந்த படங்களின் நியாயம் வேறாக இருந்தது. இந்த வகையை வளரும் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் நடுவில் நிறுத்திப் பேசத் தயாராக இருங்கள். பேச விருப்பம் இல்லையென்றால் பிள்ளைகள் இருக்கும்போது போடாதீர்கள். பேசாமல் விட்டுவிட்டால், நாம் அதை ஒத்துக்கொள்கிறோம் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

பிரிவும் சாவும்

இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல இருக்கிறது. நான் தவறாகத் தேர்ந்தெடுத்தது இந்த வகையில்தான்.

தமிழில் சோகக் காதலில் இரண்டு கிளைகள். ஒன்று தியாகமும் நோயும். ஸ்ரீதர் இயக்குநரான முதல் படம் 'கல்யாணப் பரிசு', 1959. அக்காளுக்காகத் தங்கை தன் காதலனையே விட்டுக்கொடுக்கிறாள். தலைப்பில் உள்ள பரிசு என்ன என்று கடைசியில் தெரியும்போது நெஞ்சை அடைக்கும். இந்தப் படங்களில் அழுவதில் ஒரு சுகம் உண்டு. யார் மேலும் கோபம் வராது, விதியை நொந்துகொண்டு முகத்தைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காரலாம். என் அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்து அழுவதற்காகவே இந்த மாதிரிப் படம் கேட்பார்கள். தங்கவேலு வந்தால் சிரிப்பார்கள், அவர் போனதும் மறுபடி அழுவார்கள்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்தக் கிளையில் தனியாக ஒரு படம் இருக்கிறது: பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்', 1979. கமல், ரஜினி, ஜெயப்பிரதா. பெரும்பகுதி இந்த ஊரில் எடுத்தது. பாட்டுக் குழு, ஊர் சுற்றல், எம்.எஸ்.வி.யின் இசை என்று முக்கால்வாசி நேரம் கொண்டாட்டம்தான். கடைசியில் அந்தப் பெண்ணின் நோய் வந்து எல்லாவற்றையும் மூடும். பெரியவர்கள் கதையை மறந்துவிட்டுப் பின்னால் தெரியும் தெருக்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "அது அந்தக் காலத்து..." என்று ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் பேசிக்கொள்ள இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஆனால் தலைப்பைப் பார்த்து இனிப்பான முடிவை எதிர்பார்த்துவிட வேண்டாம்.

இரண்டாவது கிளை சாதியும் மதமும். பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' (1981) இந்தக் கிளையில் ஒரு விடுதலை. பையன் பூணூலையும் பெண் சிலுவையையும் கழற்றிவிட்டு ஊரைவிட்டுப் போகிறார்கள். பாலாஜி சக்திவேலின் 'காதல்' (2004) அதே கேள்விக்கு நேர் எதிரான பதில். மதுரையில் ஒரு மெக்கானிக் பையனும் பள்ளிக்கூடப் பெண்ணும். சென்னைக்கு ஓடுகிறார்கள். கண்டுபிடித்துக் கூட்டிப்போகிறார்கள். அப்புறம் நடப்பதைப் பார்த்தவர்களால் மறக்க முடியாது.

என் அக்கா மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்த மாதம் அது. பெண் வேறு சாதி. இரண்டு வீட்டிலும் சங்கடங்களைத் தாண்டித்தான் முடிவாகியிருந்தது. அந்த மாதச் சனிக்கிழமைக்கு நான் 'காதல்' போட்டேன். நல்ல படம், பிள்ளைகள் இருவரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. கடைசிக் காட்சியில் அந்தப் பெண் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அவளுடைய அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. அவர்கள் கடந்துவந்த பயத்தை நான் அவர்கள் கண்முன்னே ஓட்டிக் காட்டிவிட்டேன். படத்தின் மேல் ஒரு குறையும் கிடையாது. இந்தச் சமூகத்தைப் பற்றித் தமிழில் வந்த நேர்மையான படங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதைப் பார்க்க வேண்டியவர்கள் அன்றைக்கு அந்தக் கூடத்தில் இல்லை. அந்தக் கல்யாணம் தடையில்லாமல் நடந்தது. அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்பும் கேட்டேன். இருந்தாலும் அந்த ராத்திரி இன்னும் என்னை உறுத்துகிறது.

அதனால் இந்தக் கிளைக்கு நான் வைத்திருக்கும் விதி: தனியாகவோ, நன்றாகப் பேசக்கூடிய ஒரே ஒரு நண்பரோடோ பாருங்கள். மறுநாள் விடுமுறையாக இருக்கட்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு வரும் காதல்

பெரும்பாலான காதல் கதைகள் தாலியோடு முடிகின்றன. தமிழில் தாலியோடு தொடங்கும் ஒரு வரிசை இருக்கிறது. என்னைக் கேட்டால் பல வயதுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வகை கிடையாது.

பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' 1981. கல்யாண ராத்திரியில் சாகத் துணிந்த மனைவியைக் காப்பாற்றும் கணவன், அவளை அவளுடைய காதலனோடு சேர்த்துவைக்கிறேன் என்கிறான். முடிவு தாலியின் பக்கம். ஐந்து வருடம் கழித்து மணிரத்னத்தின் 'மௌன ராகம்'. இதிலும் விருப்பமில்லாத கல்யாணம்தான். என்ன பரிசு வேண்டும் என்று கணவன் கேட்கிறான், விவாகரத்து வேண்டும் என்கிறாள் அவள். கல்யாணமாகி ஒரு வருடமாவது ஆக வேண்டும் என்கிறது சட்டம். அந்த ஒரு வருடம்தான் படம். கடைசியில் அவள் தங்குகிறாள். ஆனால் தாலி சொன்னதற்காக இல்லை, அவளே விரும்பித்தான். இரண்டையும் அடுத்தடுத்த மாதங்களில் போட்டுப் பாருங்கள், வீட்டில் எவ்வளவு பேச்சு கிளம்பும் என்று தெரியும். இந்த ஊரில் அந்தக் காத்திருப்பு மூன்று வருடம் என்று எங்கள் வீட்டு மருமகள் ஒருத்தி சொன்னாள். "அப்ப இங்க எடுத்திருந்தா இன்னும் ரெண்டு பார்ட் வந்திருக்கும்" என்றான் அவள் கணவன்.

'மௌன ராகம்' பார்த்த ராத்திரி நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லோரும் அவளுடைய பழைய காதலனாகக் கார்த்திக் வரும் பகுதியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். யார் பார்த்தாலும் அதைத்தான் பேசுவார்கள். அம்மா மெதுவாக, "எனக்கும் ஒரு வருஷம் ஆச்சு, உங்கப்பாகிட்ட நல்லாப் பேச" என்றார். பத்தொன்பது வயதில் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர். ஐம்பது வருடத்தில் அவர் அதைச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. பேத்திகள் தரையில் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு மணிக்குத்தான் படுத்தோம்.

இதே வரிசையில் 'அலைபாயுதே' (2000) காதலித்துக் கட்டிக்கொண்டவர்களுக்கானது. ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டு அவரவர் வீட்டிலேயே இருப்பார்கள். தனி வீடு எடுத்த பிறகுதான் உண்மையான சிக்கல்: யார் தண்ணீர் பிடிப்பது, யார் முதலில் மன்னிப்புக் கேட்பது. திருமணப் பதிவகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சடங்குக் கல்யாணத்துக்கும் வீட்டுச் சாவிக்கும் மாதக்கணக்கில் காத்திருக்கும் நம் ஊர் ஜோடிகளுக்கு அந்த முதல் பாதி வேற்றூர்க் கதையாகத் தோன்றாது. 2020இன் 'ஓ மை கடவுளே' இன்னும் இளையவர்களுக்கு. விவாகரத்து வாசலில் நிற்கும் ஒருவனுக்கு வாழ்க்கையைத் திரும்ப வாழ்ந்து பார்க்க ஒரு சீட்டு கிடைக்கிறது. மாயக் கதையாக இருந்தாலும் உள்ளே இருப்பது மருதத்தின் ஊடல்தான்.

இந்த வகைக்கும் விலை உண்டு. வீட்டில் பிரிவின் விளிம்பில் இருக்கும் ஒரு தம்பதி இருந்தால், "பொறுத்துப் போனா எல்லாம் சரியாயிடும்" என்று யாராவது படத்தைக் காட்டி அறிவுரை சொல்ல ஆரம்பிப்பார்கள். பொறுத்துப் போகக் கூடாத கல்யாணங்களும் இருக்கின்றன. அந்த மாதிரி நேரத்தில் இந்த வகையைத் தள்ளிவைத்துவிட்டு நாகேஷைப் போடுங்கள்.

இருபது வருடம் கழித்துச் சந்திப்பது

'96' (2018) வந்தபோது இந்த ஊரில் பலர் இரண்டு தரம் பார்த்ததை நான் அறிவேன். காரணம் இருக்கிறது. கதாநாயகி ஜானு சிங்கப்பூரிலிருந்துதான் போகிறாள். தஞ்சாவூர்ப் பள்ளியில் 1996இல் படித்தவர்கள் சென்னையில் ஒன்றுகூடுகிறார்கள். ஜானுவும் அவளுடைய பள்ளிக்காலக் காதலன் ராமும் ஒரு ராத்திரி முழுக்க நடக்கிறார்கள், பேசுகிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. விடிந்ததும் அவள் விமானம் ஏறுகிறாள். படம் ராமோடு தங்கிவிடும். நமக்கோ அந்த விமானம் வந்து இறங்கும் இடம் தெரியும். சாங்கியில் இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, மகளுக்கு மறுநாள் பள்ளிக்குத் தயார் செய்யப் போகிறவளின் கதை எடுக்கப்படவில்லை. இங்கே இருக்கும் பெண்கள் அதைத் தாங்களே முடித்துக்கொள்கிறார்கள்.

ஒரு ராத்திரியின் பேச்சை மட்டும் வைத்துப் படம் எடுப்பது வெளியிலும் உண்டு. ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'பிஃபோர் சன்ரைஸ்' 1995இல் வியன்னாவில் ஒரு ராத்திரி. அதே இருவரும் ஒன்பது ஒன்பது வருட இடைவெளியில் மேலும் இரண்டு படங்களில் சந்தித்தார்கள். ஆங்கிலத்தில் யோசிக்கும் பிள்ளைகளுக்கு அதையும், தமிழில் நினைவு வைத்திருக்கும் பெற்றோருக்கு '96'ஐயும் கொடுத்துவிட்டு அப்புறம் பேசவிட்டால் நன்றாக இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு என்ன? வேகம் குறைவு, பதின்ம வயதினர் அரை மணியில் நெளிவார்கள். '96'இல் பழைய இளையராஜா பாட்டுகள் தெரியாதவருக்குக் கதையின் நரம்பே பிடிபடாது. ராம் கேட்டுக் கேட்டு ஜானு பாடாமல் இருந்த பாட்டு கடைசியில் வரும்போது ஏன் பெரியவர்கள் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குப் புரியாது. பார்ப்பதற்கு முந்தின வாரம் அந்தப் பாட்டுகளைக் காரில் போட்டுக் கேட்கவிடுங்கள், பலன் தெரியும். இன்னொன்று, புதிதாகப் பிரிவுபட்டவருக்கு இந்தப் படம் மருந்து இல்லை. ஆறிய புண்ணை மெதுவாகத் தடவும், ஆறாத புண்ணைக் கிழித்துவிடும்.

மற்ற வகைகள், சுருக்கமாக

சரித்திரக் காதலுக்கு அம்பிகாபதி. கம்பரின் மகன், நூறு பாட்டுப் பாட வேண்டிய இடத்தில் கடவுள் வாழ்த்தையும் சேர்த்து எண்ணியதால் கணக்குப் பிசகி உயிரை விட்டவன் என்பது கதை. 1937இல் தியாகராஜ பாகவதர் நடித்தது, 1957இல் சிவாஜி நடித்தது என்று இரண்டு உண்டு. கதையைத் தாத்தாவே சொல்லிவிடுவார், படம் அவருக்காக. காதலும் கொலையும் கலந்த த்ரில்லர் வகையைக் குடும்பக் கூடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வகைப்பாடு ஏறிவிடும், காதலும் நினைவில் நிற்காது.

அவசரமாகப் பார்க்க வேண்டியவர்களுக்கு:

| வகை | யாரோடு நன்றாக இருக்கும் | என்ன விலை | எப்போது தவிர்க்கலாம் |
|---|---|---|---|
| நகைச்சுவை | பெருங்கூட்டம், பிள்ளைகள் | சொல் விளையாட்டு மொழி மாறினால் போய்விடும் | பழைய கேலிகள் உறுத்தும் என்றால் |
| ஒருதலை | எண்பது, தொண்ணூறுகளின் மாணவர்கள் | துரத்தலைக் காதலாகக் காட்டும் படங்கள் | பிள்ளைகளோடு பேச மனமில்லாதபோது |
| தியாகம், நோய் | அம்மா, பெரியம்மா | நீளம். வசன வரி இல்லாமை | வீட்டில் நோயாளி இருக்கும்போது |
| சாதி, மதம் | தனியாக, ஒரு நண்பரோடு | மறுநாள்வரை மனம் கனக்கும் | கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் |
| கல்யாணத்துக்குப் பின் | மூன்று தலைமுறையும் | வேண்டாத அறிவுரை | பிரிவின் விளிம்பில் ஒருவர் இருக்கும்போது |
| நினைவுக் காதல் | நாற்பது தாண்டியவர்கள் | மெதுவான நடை | பிரிவு புதிதாக இருக்கும்போது |

புளோக்கின் கீழ்த்தளத்திலோ சமூக மன்றத்திலோ திரையிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டுச் சந்தாவை வைத்துப் பொதுவில் போடக் கூடாது. படத்தின் உரிமையாளரிடம் திரையிடும் உரிமை வாங்க வேண்டும், உரிமமும் வகைப்பாடும் பார்க்க வேண்டும். படத்தை முடிவு செய்வதற்கு முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.

கேட்ட மூவருக்கும்

பிடிஓவுக்குக் காத்திருக்கும் ஜோடிக்கு 'அலைபாயுதே'. இருவர் மட்டும் பாருங்கள், பெற்றோர் இல்லாமல். இரண்டாம் பாதியின் சண்டைகளில் எது உங்கள் வீட்டில் நடக்கும் என்று பேசுங்கள். சாவி வர இன்னும் காலம் இருக்கிறது.

அறையில் இருக்கும் தம்பிக்கு: எல்லோரும் உங்களிடம் '96' பார்க்கச் சொல்வார்கள். இப்போது வேண்டாம், தம்பி. ஒரு வருடம் போகட்டும். இந்த வாரம் 'காதலிக்க நேரமில்லை' பாருங்கள், தனியாக இல்லாமல் அறைத் தோழர்களோடு. எடுத்தவுடன் சிரிப்பு வராவிட்டாலும் பரவாயில்லை. மனசு கேட்காவிட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருக்கும் நெருங்கிய நண்பனைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு அப்புறம் பாருங்கள்.

ஈசூன் அக்காவுக்கு 'மௌன ராகம்'. ஏழு மணிக்கு ஆரம்பித்துவிடுங்கள். இடைவேளை வரும் இடத்தில் நிறுத்தித் தோசை ஊற்றலாம், சூடாகச் சாப்பிட்டுவிட்டு மீதியைப் பார்க்கலாம். கணவர் எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும், ஆனால் மாமியாரையும் மகளையும் ஒரே சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவையுங்கள். பாட்டு வந்து வசன வரி நின்றுபோனால், பாட்டி அர்த்தம் சொல்லட்டும்.